குபேரன்கிட்ட கடன் வாங்கின ஊர்ல ஒரு கரண்ட் அக்கவுண்ட்

வாடா பேராண்டி, உக்காரு. கடைக்கு எடம் பாத்தாச்சு, போர்டு எழுதியாச்சு, ஊறுகா பாட்டில்ல ஒட்டறதுக்கு லேபிளும் அடிச்சாச்சுன்னு கேள்விப்பட்டேன். பாத்தேன் பாத்தேன். மாங்கா படம் சின்னதா ஓரத்துல, உன் மூஞ்சி பெருசா நடுவுல. இதுல எதை ஊறப் போட்டிருக்கீங்கன்னு வாங்கறவன் கேட்டா இன்னாடா சொல்லுவ?

சரி, கோச்சுக்காத. கையில இன்னா, நாலு பேங்க் நோட்டீசா? கொண்டா. ஒண்ணுல கோட்டு போட்டவன் சிரிக்கிறான். இன்னொண்ணுல ஒரு பொண்ணு லேப்டாப்பைப் பாத்து சிரிக்குது. பேங்க்ல இத்தனை பேர் சிரிச்சு நான் பாத்ததே இல்லடா. சித்தூர் வெல்ல மண்டியில கணக்கு எழுதியே தல நரைச்சவன் நான். கேஷ் கவுண்டருக்கு வெளிய நின்னவனும் சிரிச்சதில்ல, உள்ள உக்காந்தவனும் சிரிச்சதில்ல.

எதுல வட்டி ஜாஸ்தின்னா கேக்கற? நல்லா கேட்ட போ. கரண்ட் அக்கவுண்ட்டுக்கு வட்டியே கிடையாது. ரிசர்வ் பேங்க் உத்தரவு, எந்த பேங்க்கும் தர முடியாது. பூஜ்யத்துல எந்த பூஜ்யம் பெருசுன்னு விசாரிக்க நாலு ஆபீஸ் ஏறி எறங்கிட்டு வந்திருக்க. பெட்ரோல் செலவை இன்னிக்கே கடைக் கணக்குல எழுதிடு.

"அப்போ என்னோட சேவிங்ஸ்லயே ஓட்டிடறேனே தாத்தா, அதுக்கு மினிமம் பேலன்ஸும் இல்ல"ன்னு சொல்லுவ. நீ சொல்லுவன்னு எனக்குத் தெரியும், உங்க அப்பனும் அதையேதான் சொன்னான். ஓட்டலாம், கொஞ்ச நாளு. பேங்க்காரன் ஒருநாள் பாப்பான். சேவிங்ஸ் கணக்குல தெனம் அம்பது வரவு, அஞ்சு ரூபாயில இருந்து ஐநூறு வரைக்கும். கூப்ட்டு, இது வியாபாரம், மாத்துங்கன்னு சொல்லுவான். அது பரவால்ல. சேவிங்ஸ்ல வருஷத்துக்கு 10 லட்சத்துக்கு மேல ரொக்கமா கட்டினா பேங்க் வருமான வரிக்காரனுக்கு எழுதி அனுப்பணும். கரண்ட் அக்கவுண்ட்டுன்னா அந்தக் கோடு 50 லட்சம். ஒரே பணம்தான், எந்தக் கணக்குல போட்ட என்கிறதுலதான் உன் வீட்டுக்கு கடுதாசி வரதும் வராததும்.

அதைவிட ஒண்ணு இருக்கு. உன் கடையில ஒருத்தன் ரெண்டு பாட்டில் ஆவக்கா வாங்கிக்கினு போன்ல பணம் அனுப்பிட்டுப் போறான். அவன் எங்கயோ ஒரு கெழவியை போன்லயே ஏமாத்தின பணம் அது. கெழவி சைபர் கிரைம்ல புகார் குடுக்கறா. பணம் போன வழியெல்லாம் போலீஸ் தேடிக்கினு வந்து உன் கணக்கை முடக்கிடுவாங்க. ஊறுகா வித்ததைத் தவிர நீ ஒண்ணும் பண்ணல. ஆனா அந்தக் கணக்குலதான் வீட்டு வாடகை, கொழந்த ஸ்கூல் பீஸ், உன் பொண்டாட்டி சீட்டுப் பணம் எல்லாம் கெடக்கு. அன்னிக்கு ராத்திரி சோத்துக்கு நீ யார் வீட்டுக்கு வருவன்னு எனக்குத் தெரியும், அதனாலதான் சொல்றேன். கடைப் பணம் ஒரு கணக்கு, வீட்டுப் பணம் வேற கணக்கு. முடிஞ்சா வேற பேங்க்கு.

திருப்பதியில கடை போடறவனுக்கு பேங்க் பாடம் சொல்ல நான் எதுக்குடா? மலை மேல ஒருத்தர் நிக்கிறாரே. கல்யாணத்துக்கு குபேரன்கிட்ட கடன் வாங்கி, பிரம்மாவும் சிவனும் சாட்சிக் கையெழுத்து போட்டு, கலியுகம் பூரா வட்டி கட்டறேன், முடிவுல அசலைத் தரேன்னு பத்திரம் எழுதிக் குடுத்தவர்னு தல புராணத்துல சொல்றாங்க. ஒரே ஒரு கல்யாணச் செலவு, இன்னும் முடியல. உன் கல்யாணத்துக்கு உங்க அப்பன் வாங்கின கடன் எவ்ளவோ தேவலாம்.

கடன்காரர்தான், ஆனா கணக்குல புலி. தேவஸ்தானம் 2022 நவம்பர்ல வெள்ளை அறிக்கை விட்டுச்சே, படிச்சியா? பேங்க் டெபாசிட் 15,900 கோடிக்கு மேல, தங்கம் 10 டன்னுக்கு மேல. அதை எப்பிடிப் போடறாங்க? பேங்க்குங்ககிட்ட ரேட்டு கேட்டு, யார் ஜாஸ்தி தராங்களோ அவங்கிட்ட போடறாங்க. பெருமாளே கொட்டேஷன் கேக்கறார், நீ நோட்டீஸ்ல சிரிக்கிற பொண்ணைப் பாத்துக்கினு நிக்கிற.

ரேட்டு மட்டும்தானா பாக்கறார்? யெஸ் பேங்க்ல தேவஸ்தானத்துப் பணம் 1,300 கோடி கெடந்துச்சு. பேங்க் நெலவரம் சரியில்லன்னு முன்கூட்டியே எடுத்துட்டாங்க. அப்பறம் 2020 மார்ச் 5-ஆம் தேதி ரிசர்வ் பேங்க் அந்த பேங்க்குக்கு கடிவாளம் போட்டு, ஒருத்தர் 50,000 ரூபாய்க்கு மேல எடுக்கக் கூடாதுன்னு சொல்லிச்சு. மார்ச் 18 வரைக்கும் ஊர்ல இருக்கறவனெல்லாம் ஏடிஎம் வாசல்ல கோவிந்தா கோவிந்தான்னு நின்னான். கோவிந்தன் மட்டும் அந்த வரிசையில இல்ல.

ஆனா அவரும் மாட்டாம இல்லடா. 2016-ல செல்லாமப் போச்சே பழைய ஐநூறு, ஆயிரம், பக்தருங்க அதுக்கப்பறமும் உண்டியல்ல போட்டாங்க. மனசு வந்து போட்டாங்களா, மாத்த வழி இல்லாம போட்டாங்களான்னு அவருக்குத்தான் வெளிச்சம். அப்பிடி சுமார் 50 கோடி சேந்துபோச்சு. மாத்திக் குடுங்கன்னு 2020-ல டில்லி வரைக்கும் போய்க் கேட்டாங்க. 2019 ஏப்ரல்ல இன்னொரு கூத்து. தேர்தல் நேரம். பேங்க்ல டெபாசிட் போட்ட தங்கம், வட்டித் தங்கத்தோட சேத்து 1,381 கிலோ, வேன்ல திருப்பதிக்கு வருது. திருவள்ளூர் பக்கம் பறக்கும் படை மடக்கிடுச்சு. பெருமாள் நகைன்னு சொன்னா வுட்டுடுவானா? பேங்க்காரங்க காயிதம் காட்டித்தான் வண்டி நகந்துச்சு.

காயிதம்னதும் ஞாபகம் வருது, உன் காயிதத்தைக் காட்டு. போர்டுல 'மேங்கோ கிங்'. உத்யம் சர்ட்டிபிகேட்ல பாட்டி பேருல 'டிரேடர்ஸ்'. வாடகைப் பத்திரத்துல உன் பேரு, அதுவும் இனிஷியல் தப்பு. பேங்க்காரன் மூணு பேரையும் ஒண்ணா கூட்டிக்கினு வரச் சொல்லுவான், பாட்டியை எழுப்பவா? தனி ஆள் கடைக்கு கரண்ட் அக்கவுண்ட் தொறக்க, இந்தப் பேருல இந்த எடத்துல வியாபாரம் நடக்குதுன்னு காட்ட ரெண்டு சான்று கேப்பான். உத்யம், முனிசிபாலிட்டி லைசென்ஸ், ஜிஎஸ்டி இருந்தா அது, கரண்ட் பில்லு, இதுல எதுனா ரெண்டு. ஒரே பேரு, ஒரே விலாசம். உத்யம் எடுக்க எவ்ளோ குடுத்த? ஆயிரத்து ஐநூறா! அது அரசாங்க வெப்சைட்ல தம்படி செலவில்லாத சமாச்சாரம்டா. கடை தொறக்கறதுக்கு முன்னாடியே முதல் நஷ்டத்தைப் பாத்துட்ட. ராசியான கை.

இப்ப எந்த பேங்க்குன்றதுக்கு வரேன். உன் வியாபாரத்தைச் சொல்லு, கேப்போம். ஊறுகா போடறது சித்தூர் ஜில்லா, நம்ம வீட்டுக் கொல்லையில. விக்கறது திருப்பதி, பஸ் ஸ்டாண்டுகிட்ட. 2022-ல இருந்து அது வேற ஜில்லாவே ஆயிடுச்சு. நடுவுல 70 கிலோமீட்டர். நீ எங்க கணக்கு தொறக்கப் போற? சித்தூர்ல! ஏன்? மேனேஜர் பழக்கம், 'பெத்தாயனா பாகுன்னாரா'ன்னு என்னை விசாரிக்கிறார். அவர் என்னை விசாரிச்சா உன் கல்லாவை யார் விசாரிப்பா? பணம் எங்க விழுதோ அங்க கணக்கு. கணக்கு இருக்கற கிளையில கட்டினா ஒரு கட்டணம், வேற கிளையில கட்டினா வேற கட்டணம்னு நெறைய பேங்க்ல வச்சிருக்காங்க. நோட்டீஸ்ல அது இருக்காது. இருந்தாலும் கடைசிப் பக்கத்துல எறும்பு எழுத்துல இருக்கும்.

மினிமம் பேலன்ஸ் பத்தாயிரம் சும்மா கெடக்கணுமேன்னு அழுவறியே, கணக்கு போடு. சேவிங்ஸ்ல ரெண்டரை பர்சென்ட்டுன்னா பத்தாயிரத்துக்கு வருஷம் 250 ரூபா. அவ்ளவுதான் உன் நஷ்டம். இப்ப ரொக்கத்துக்கு வா. யாத்ரீகன் பாதி பேர் போன்ல குடுத்தாலும் ஒரு நாளைக்கு பத்தாயிரம் ரொக்கம் விழுதுன்னு வச்சிக்க. மாசம் மூணு லட்சம். ஒரு பேச்சுக்கு, பேங்க்காரன் ஒரு லட்சம் வரைக்கும் இலவசம், அதுக்கு மேல ஆயிரத்துக்கு நாலு ரூபான்றான். நாலு ரூபாதானேன்னு நீ தல ஆட்டுவ. ரெண்டு லட்சத்துக்கு 800. அதுக்கு மேல 18 பர்சென்ட் ஜிஎஸ்டி 144. மாசம் 944, வருஷம் 11,328. 250-க்கு மூக்கைச் சிந்தின பய, 11,328-ஐ உன் கையால கொண்டுபோய்க் கட்டிட்டு ரசீதும் வாங்கிக்கினு வருவ. அதனால மொதல் கேள்வி இதான்: மாசம் எவ்ளோ ரொக்கம் இலவசமாக் கட்டலாம், எந்தக் கிளையில. அதை வாயால சொன்னா பத்தாது, கட்டணப் பட்டியலைக் காட்டச் சொல்லு.

சில்லறையும் இருக்குடா. மலை மேல உண்டியல் காசை எண்ண பரகாமணின்னு தனியா ஒரு மண்டபமே வச்சிருக்காங்க. உனக்கு எண்ண யார் இருக்கா, நானா? பத்து ரூபா காசைப் பாத்தா இங்க பாதிக் கடையில மொகத்தைத் திருப்பறான். 14 டிசைன் இருக்கு, எல்லாமே செல்லும்னு ரிசர்வ் பேங்க் 2018-லயே சொல்லிட்டுது. நீ வாங்கிக்கோ, வாங்கிக்கினா வியாபாரம் கூடும். ஆனா அந்தக் கிளையில அதைக் கட்டறப்போ கேஷியர் மொகம் எப்பிடிப் போவுதுன்னு முன்னாடியே பாத்து வச்சிக்க. அதுக்கு ஒரு வழி சொல்றேன். ஒரு திங்கக்கெழம காலையில போய் அந்தக் கிளை பெஞ்சில சும்மா உக்காரு. ஏன் வந்தன்னு கேட்டா தாத்தா பென்ஷன் விசாரிக்கணும்னு சொல்லு. எத்தனை கவுண்டர், அதுல எத்தனைல ஆள், சில்லறைப் பையோட வரவனை எப்பிடி நடத்தறாங்க, 'சர்வர் டவுன்'னு எத்தனை தடவை சொல்றாங்க, எல்லாம் தெரிஞ்சிடும். பொண்ணு பாக்கப் போனப்போ இப்பிடி உக்காந்து பாக்கல, இதையாவது பாரு.

மினிமம் பேலன்ஸ்ல ஒரு சூட்சுமம் இருக்கு, அது எந்தச் சிரிச்ச மூஞ்சியும் சொல்லித் தராது. பேங்க்காரன் பாக்கறது சராசரி. ஒவ்வொரு நாளும் கணக்கு மூடறப்போ இன்னா இருந்துச்சோ அதைக் கூட்டி, நாளால வகுக்கறான். முப்பது நாளைக்கு பத்தாயிரம் சராசரின்னா மொத்தம் மூணு லட்சம். மூணு ராத்திரி ஒரு லட்சம் தூங்கினாலே போதும், மிச்ச நாளெல்லாம் வெறும் பாத்திரம்னாலும் சராசரி நின்னுடும். ராத்திரி தூங்கணும், அதான் விஷயம். காலையில பணத்தைக் கட்டி சாயங்காலமே எண்ணெய்க் கடைக்காரனுக்கு அனுப்பிட்டா உன் கணக்கு அன்னிக்குப் பட்டினி. மறுநாள் காலையில அனுப்பு. எண்ணெய்க் கடைக்காரன் ஒரு ராத்திரி பொறுப்பான், நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து மூணு பந்தி சாப்ட்டவன்தான்.

உனக்கு மாச சராசரி வேணுமா, மூணு மாச சராசரி வேணுமா? உன் பொழப்பு மாங்காடா. மே, ஜூன், ஜூலை, அந்த மூணு மாசத்துல வருஷத்துக்கே மாங்கா வாங்கி உப்புல போடணும். தாமல்செருவு மண்டியில காசு தண்ணியா ஓடும். அதுக்கு முன்னாடி கணக்குல பணம் குமியும், அதுக்கப்பறம் மோளம் அடிச்சாலும் ஒத்த ரூபா எழுந்து வராது. அப்பிடி ஏறி எறங்கற வியாபாரத்துக்கு மூணு மாச சராசரி கேக்கற கணக்குதான் தோது. ஒரு தடவை மூணு லட்சம் மூணு ராத்திரி படுத்தா ஒம்போது லட்சம், தொண்ணூறு நாளுக்குப் பத்தாயிரம் சராசரி முடிஞ்சுது. மாசா மாசம் கேக்கறவங்கிட்ட மாட்டினா, நம்ம தோட்டம் காஞ்சு கெடக்கற மாசத்துல அபராதம் பூக்கும்.

வெலை நெலவரமும் பாத்தியே, 2025-ல தோத்தாபுரி மாங்கா எப்பிடி வுழுந்துச்சு. கிலோவுக்கு ஃபேக்டரிக்காரன் 8 ரூபா குடு, அரசாங்கம் 4 ரூபா போடும்னு சொன்னாங்க. அந்த நாலு ரூபா விவசாயி பேங்க் கணக்குக்குத்தான் வரும். பெரிய மாமன் தோப்பு பேருல ஒரு கணக்கு, ஆதார்ல ஒரு கணக்குன்னு வச்சிக்கினு எது செல்லும்னு தெரியாம ஆடி மாசம் பூரா பேங்க் வாசல்லயே ஆடினான். அவன்கிட்ட இருந்து நீ கத்துக்கலாம். கத்துக்க மாட்ட, சரி.

பேரு பெருசா இருக்கற பேங்க்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறியா? நம்ம தெருவுல ஆந்திரா பேங்க் இருந்துச்சு. 1923-ல பட்டாபி சீதாராமய்யா மசூலிப்பட்டணத்துல ஆரம்பிச்சது. அதுல கணக்கு வச்சிருக்கேன்னு சொல்றதே அப்ப ஒரு கவுரவம். 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி எழுந்து பாத்தா அது யூனியன் பேங்க். அன்னிக்கே சிண்டிகேட் பேங்க் கனரா பேங்க் ஆயிடுச்சு. அடுத்து சப்தகிரி கிராமீண பேங்க். அதோட தலைமை ஆபீஸே நம்ம சித்தூர்ல. கோவம் வந்தா நேரா போய்க் கத்திட்டு வரலாம், அப்பிடி ஒரு வசதி. 2025 மே 1-ல இருந்து ஆந்திராவுல இருந்த நாலு கிராமீண பேங்க்கும் ஒண்ணாச் சேந்து ஆந்திரப் பிரதேஷ் கிராமீண பேங்க், தலைமை ஆபீஸ் அமராவதியில. இப்ப கத்தணும்னா நைட்டு பஸ் புடிக்கணும். போர்டு மாறறப்பல்லாம் செக் புக்கு மாறும், ஐஎஃப்எஸ்சி மாறும். பழைய நம்பரை லேபிள்லயும் பில் புக்லயும் அச்சடிச்சவன் அப்பறம் ஸ்டிக்கர் ஒட்டிக்கினு உக்காந்திருப்பான். நீ உன் மூஞ்சியை மட்டும் அச்சடி, நம்பரை ஸ்டாம்ப்பா வச்சிக்க. கட்டடமும் கவுண்டரும் மனுசனும் எப்பிடின்னு பாரு. போர்டை பெயிண்டர் பாத்துப்பான்.

க்யூஆர் அட்டை ஒட்ட எவனோ பேக்கை மாட்டிக்கினு வந்தானாமே, கத்தற டப்பாவும் வச்சுட்டுப் போனானாமே. அந்த டப்பாவுக்கு மாச வாடகை எவ்ளோன்னு கேட்டியா? கேக்கல. எந்தக் கணக்குல பணம் விழுது? மச்சினன் கணக்குலயா! பலே. ஊறுகா நம்மளது, பணம் மச்சினனுது, டப்பா கத்தறது மட்டும் உன் கடையில. நாளைக்கே மாத்து. வியாபாரியா பதிஞ்சு உன் கரண்ட் அக்கவுண்ட்டோட கட்டிப் போடு. யுபிஐ-ல சரக்கு வித்த காசு வாங்க வியாபாரிக்கு 2020 ஜனவரியில இருந்து கமிஷன் கிடையாது. அப்பிடி எவனாவது புடிச்சா ஏன்னு கேளு.

போன்ல வாங்கினா வரிக்காரன் வருவான்னு பயமா? 2025 ஜூலையில பெங்களூருல அதான் ஆச்சு. யுபிஐ வரவைப் பாத்து, வருஷத்துக்கு இவ்ளோ வித்திருக்கியே, ஜிஎஸ்டி எங்கன்னு சின்னக் கடைக்காரங்களுக்கெல்லாம் நோட்டீஸ் போச்சு. மறுநாளே க்யூஆரைக் கிழிச்சுட்டு 'கேஷ் மட்டும்'னு எழுதி வச்சாங்க. அதுல ஒரு வேடிக்கை பாரு. வூட்டுக்காரி அனுப்பின பணம், தம்பி திருப்பின கைமாத்து எல்லாம் கடை வரவோட ஒரே கணக்குல கெடந்தா, எது வியாபாரம் எது வூடுன்னு நிரூபிக்க நீதான் முட்டி மோதணும். சரக்கு விக்கறவனுக்கு வருஷம் 40 லட்சம் தாண்டினாதான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். உன் கடை அங்க போக இன்னும் எத்தனை மாங்கா சீசன் ஆவும்னு நான் சொல்ல மாட்டேன், வயித்துல அடிச்ச பாவம் வேணாம்.

இன்னொண்ணு, கடை ஓடி நாலு காசு சேந்தா ஒரே பேங்க்ல குமிக்காத. பேங்க் படுத்துக்கினா காப்பீடு 5 லட்சம் வரைக்கும்தான், 2020 பிப்ரவரியில இருந்து. அதுக்கு முன்னாடி வெறும் ஒரு லட்சம். உன் கடை உன் ஒருத்தன் பேருல நடக்குதில்ல, அப்ப கடைக் கணக்கும் உன் சேவிங்ஸும் ஒரே பேங்க்ல இருந்தா சட்டத்துக்கு ரெண்டும் ஒரே ஆள். ரெண்டுக்கும் சேத்துதான் 5 லட்சம். வேற கிளைன்னாலும் அதேதான், வேற பேங்க்னாதான் தனி. 2019-ல பம்பாய்ல பிஎம்சி பேங்க்ல மொதல்ல ஆயிரம் ரூபாதான் எடுக்கலாம்னு சொன்னாங்க. ஆயிரம் ரூபாயில மாங்காக்கு உப்பு வாங்கலாம், மாங்கா வாங்க முடியாது.

ஃபாரத்துல நாமினின்னு ஒரு கட்டம் இருக்கும், அதைக் காலியா வுட்டுடாத. 2025 நவம்பர்ல இருந்து நாலு பேர் வரைக்கும் போடலாம், பங்கு இவ்ளோ இவ்ளோன்னு பிரிச்சும் எழுதலாம். பொண்டாட்டி பேரை மொதல்ல எழுது, இல்லன்னா அந்த ஃபாரத்தோடயே நீ வீட்டுக்கு வர முடியாது. அம்மா பேரை எழுது. மச்சினன் பேரை எழுதாத, அவனுக்கு ஏற்கனவே டப்பா பணம் போயிருக்கு. என் பேரை எழுதலாமான்னு பாக்கறியா? எழுதேன். எண்பது தாண்டின கெழவனை நாமினியா போட்டிருக்கானேன்னு அந்த மேனேஜர் அன்னிக்காவது சிரிப்பார்.